ஆயில் குடிக்கும் வண்டி

சம்பந்தியின் வண்டி பட்டறைக்குள் நுழைந்தால் மட்டும் நான் வேலை தொடங்குவதற்கு முன்பே கை கழுவுவேன். மற்ற வண்டிகளுக்கு வேலை முடிந்த பிறகுதான் சோப்பு. அன்றைக்கும் கழுவித் துடைத்து, ஈரம் காயாத கையோடு நான் வெளியே வந்தபோது, அவர் பானட்டைத் தானே திறந்து கம்பியை முட்டுக்கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். மருந்துக் கடை வைத்திருக்கிறவர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, காலரில் ஒரு சுருக்கம் கிடையாது. என் மகளின் மாமனார் என்பதால் நாற்காலி போட வேண்டும். போட்டால் உட்கார மாட்டார். போடாவிட்டால் வீட்டில் போய்ச் சொல்லாமல் இருக்க மாட்டார். போட்டேன்.

“மறுபடியும் குடிச்சிருச்சு சம்பந்தி,” என்றார் நின்றபடியே. “காலையில பாத்தா கீழ்க்கோட்டத் தொடவே இல்ல. ஊத்திட்டுத்தான் கொண்டு வந்தேன்.”

டிப்ஸ்டிக்கை உருவினேன். கார் வைத்திருக்கிற யாருக்கும் தெரிந்த சாமான்தான் அது. நீளமான மெல்லிய தகடு, நுனியில் இரண்டு கோடுகள். ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போகக் கூடாது, மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. துடைத்து, விட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தால் மேல்கோட்டுக்கு ஒரு நகக்கண் மேலே நின்றது. பயந்த மனிதரின் கை கொஞ்சம் தாராளமாகத்தான் ஊற்றும் என்று நினைத்துக்கொண்டு அதை அப்படியே விட்டேன். நோயாளியை டாக்டரிடம் கூட்டி வருகிறவர்கள் வழியில் ஒரு வாய் கூடுதலாக ஊட்டித்தானே கூட்டி வருகிறார்கள்.

வண்டி யாருக்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் தண்ணீர்ப் பரிசோதனை படித்தவள், இங்கே ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைவில் ஒரு நகரத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஊர் ஊராகப் போய்க் குளத்திலும் குழாயிலும் தண்ணீர் எடுத்து வர வேண்டும், அதனால் சொந்த வண்டி இருப்பவர்களுக்குத்தான் அந்த வேலை. மாப்பிள்ளை முன்னதாகவே அங்கே போய் வீடு பார்த்து, திரைச்சீலை வரை மாட்டிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். சம்பந்தி தன் வண்டியை மருமகளுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று கொடுத்த வாக்கு மாதிரி நாலு பேர் முன்னால் வைத்துச் சொன்னார். அதற்கப்புறம்தான் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. “இத நம்பி பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பறதா? நடுவழியில நின்னா?” என்று அவரே கேட்டார். சேர வேண்டிய தேதியை அவள் ஏற்கெனவே ஒரு முறை தள்ளி வாங்கியிருந்தாள். இன்னொரு முறை கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். ஆக, அந்த டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

பட்டறையில் எனக்குக் கூட்டாளி என் தம்பி. எந்த வண்டி எந்தக் கோளாறோடு வந்தாலும் முதலில் டர்போவைக் குற்றம் சொல்லுவான். பெட்ரோல் தீர்ந்து நின்ற வண்டிக்கும் ஒருமுறை அப்படிச் சொன்னதிலிருந்து தெருவே அவனை டர்போ என்றுதான் கூப்பிடுகிறது. இந்த வண்டியின் சைலென்சரில் நீலப் புகை வருவதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. “நான் சொல்றேன் அண்ணே, டர்போதான். சீல் போயிருச்சு. காத்தத் தள்ளறதுக்குப் பதிலா ஆயிலத் தள்ளுது.”

அவன் சொல்வதிலும் அர்த்தம் இல்லாமல் இல்லை. டர்போ என்பது புகை வெளியேறும் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சின்னக் காற்றாடி. அது சுழல்கிற அச்சுக்கு ஆயில்தான் மெத்தை. மெத்தை கிழிந்தால் ஆயில் காற்றோடு போய் எரிந்துவிடும். காற்றுக் குழாயைக் கழற்றினேன். உள்ளே விரலை விட்டால் விரல் முழுக்க ஆயில். டர்போ என் தோளைத் தட்டினான். ஆனால் காற்றாடியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது அது அசைந்து கொடுக்கவில்லை, புது வளையல் கையில் நிற்பது போல இறுக்கமாக நின்றது. போகட்டும், ஆயிலை மேலே ஏற விடாமல் தடுக்கிற பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம் என்று, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்கிற கம்ப்ரஷனை மீட்டர் வைத்துப் பார்த்தேன். நாலு சிலிண்டரும் ஒரே நல்ல அளவு. எஞ்சின் மூச்சு விடுகிற பிரீதர் குழாயைப் பார்த்தேன். அடைப்பு இல்லை, ஆனால் அதுவும் தொப்பலாக நனைந்திருந்தது. சந்தேகத்துக்கு அதன் வால்வை மாற்றினேன். கீழே படுத்துக்கொண்டு விளக்கைப் பிடித்து, எங்காவது ஒரு சொட்டு கசிகிறதா என்று எறும்பைத் தேடுவது போலத் தேடினேன். எல்லாம் சுத்தம். எங்கும் கோளாறு இல்லை, ஆனால் ஆயில் போகிறது. இந்த மாதிரி வண்டிதான் மெக்கானிக்கின் தூக்கத்தைக் கெடுக்கும்.

தூக்கத்தை மட்டும் கெடுத்திருந்தால் பரவாயில்லை. எனக்குப் பகலும் கெட்டது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வேறொரு வண்டியின் பிரேக்கைப் பிரித்துப் போட்டுவிட்டு எழுந்து வந்து இந்த வண்டியைச் சுற்றுவேன். எதற்கு வந்தேன் என்று மறந்து திரும்பிப் போவேன். டீயை ஆற வைத்துவிட்டு, ஆறிவிட்டதே என்று கோபப்படுவேன். வண்டி புரியவில்லை என்கிற எரிச்சல் அதில் பாதிதான். மீதிப் பாதி என்ன என்று எனக்குத் தெரியும். கம்ப்ரஷன் மீட்டரின் முள் ஏறி நல்ல அளவில் நின்றபோதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று சப்பென்று இறங்கியது. ரிங் போயிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ரிங் போயிருந்தால் எஞ்சினை இறக்க வேண்டும், சாமான் வர வேண்டும், தேதி தாண்டிவிடும், மகள் பஸ்ஸில் ஏறி அரைமணியில் வந்துவிடக்கூடிய தூரத்திலேயே இருப்பாள். அவள் அந்த வேலைக்காக எவ்வளவு தவித்தாள் என்று தெரிந்தும் அப்படி ஆசைப்பட்டேன். ஆசை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கை மட்டும் ஒழுங்காகவே வேலை செய்தது.

வீட்டில் என் மனைவி தட்டை வைத்துக்கொண்டே கேட்பாள், “ஏங்க, வண்டிக்கு என்னவாம்?”

“பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“எவ்வளவு நாளாப் பாப்பீங்க? வேற யாரு வண்டியா இருந்தாலும் இந்நேரம் அனுப்பியிருப்பீங்கல்ல?”

நான் சாப்பாட்டில் கவனமாக இருப்பது போல நடித்தேன். அவளும் மகளை அனுப்பத் துடித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் பொய் சொல்லமாட்டாள், அதனால் யாரும் தன்னிடம் கருத்துக் கேட்காத இடத்தில் நின்றுகொண்டாள்.

கடைசியில், எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியத்தைச் செய்தேன். பழைய ஆயிலை இறக்கி, புது ஆயிலைச் சரியாக மேல்கோட்டுக்கு ஊற்றி, ஆயில் மூடியின் விளிம்பிலிருந்து எஞ்சின் மேல் வரை கரும்பச்சை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். மூடியை யாராவது திருகினால் கோடு முறிந்துவிடும். இப்படி முத்திரை வைத்து ஒரு வாரம் ஓட்டினால்தான் வண்டி உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று தெரியும்.

சம்பந்தி அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்தார். “என்ன சம்பந்தி, நம்பிக்கை இல்லையா?”

“ஐயோ, அப்படியில்ல. வழக்கம் இது. எங்க அப்பா வண்டியா இருந்தாலும் இதத்தான் செய்வேன்.”

“குறைஞ்சா?”

“குறையட்டும். எவ்வளவு குறையுதுன்னு தெரிஞ்சாத்தானே வைத்தியம் பண்ணலாம். நீங்களே சீட்டு இல்லாம மாத்திரை குடுக்க மாட்டீங்களே.”

அவர் சிரித்தார், ஆனால் அரைச் சிரிப்பு. நாற்காலியில் கடைசிவரை உட்காரவே இல்லை.

ஒரு வாரம் கழித்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது மகள். சம்பந்தி வரவில்லை. கடையில் கூட்டமாம். அவள் இறங்கி, சாவியை என் கையில் வைத்துவிட்டு, சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்காருவாளே, அந்தப் பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள். போனை எடுத்துப் பார்ப்பதும் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தாள். முகம் வாடியிருந்தது. நான் பானட்டைத் திறந்து, வண்டி சற்று ஆறும் வரை காத்திருந்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன்.

ஆயில் குறையவில்லை. கூடியிருந்தது. மேல்கோட்டுக்கு ஒரு விரல் மேலே.

டர்போ எட்டிப் பார்த்தான். “என்ன அண்ணே இது, ஆயில் குட்டி போட்டிருக்கு?”

பெட்ரோல் கசிந்து ஆயிலோடு கலந்தால் அளவு கூடும். முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனை துளியும் இல்லை, நல்ல சுத்தமான புது ஆயில். அப்புறம்தான் மூடியைப் பார்த்தேன். கோடு இருந்தது, முறியாமல். ஆனால் நான் இழுத்தது கரும்பச்சை. இப்போது அதன் மேல் கிளிப்பச்சை, அதுவும் ஒரு சுற்றுத் தடிப்பாக. அந்தப் பச்சையை எனக்கு நன்றாகத் தெரியும். சம்பந்தி வீட்டு கேட்டின் நிறம். அந்த கேட்டுக்குப் பெயின்ட் அடித்த புதிதில், “கண்ணக் குத்துது” என்று என் மனைவி திரும்பி வரும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஒரு பெரிய மனுஷர், ஊரே மரியாதை வைத்திருக்கிற ஆள், யாரும் பார்க்காத நேரத்தில் தூரிகையை எடுத்துக்கொண்டு வந்து எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார். எதற்கு? வண்டியைக் கெடுக்கவா? கெடுக்கிற ஆள் விலை கூடிய ஆயிலாகப் பார்த்து வாங்கி ஊற்றுவாரா? மகளின் கண் என் முதுகில் இருப்பது தெரிந்தது.

“என்னப்பா?” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. நாளைக்குச் சொல்றேன்.”

“நாளைக்குன்னா நாளைக்கா?”

பானட்டை மூடினேன். இறக்க வேண்டிய ஆயிலைக்கூட இறக்காமல், மெதுவாகவே ஓட்டிப் போகச் சொல்லி அப்படியே அனுப்பினேன். வண்டியில் இருப்பது இருந்தபடி இருக்கட்டும், இந்த மனிதர் என்ன செய்கிறார் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

சம்பந்தி வீட்டுக்கு நான் சொல்லாமல் போனதே கிடையாது. போன் பண்ணி, அவர்கள் ‘வாங்க வாங்க’ என்று சொல்லி, நாங்கள் கையில் எதையாவது வாங்கிக்கொண்டு, துவைத்துத் தேய்த்த துணியோடு போவோம். நாங்கள் போய்ச் சேரும்போது அவருடைய வண்டி தெருவில் ஓரமாக நிற்கும். எங்கள் வண்டியை உள்ளே விட வேண்டும் என்பதற்காக அவர் தன் வண்டியை முன்கூட்டியே வெளியே எடுத்து விட்டிருப்பார். பெண் கொடுத்த வீட்டார் வண்டி தெருவில் நிற்கக் கூடாதாம். எத்தனை மறுத்தாலும் கேட்கமாட்டார். அந்த மரியாதையில் நானும் கொஞ்சம் குளிர்ந்து போவேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில்தான் முதல் முறையாகச் சொல்லாமல், தேய்க்காத சட்டையோடு, டர்போவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். திருடப் போகிறவன் மாதிரி இருந்தது எனக்கே.

கேட் திறந்திருந்தது. வண்டி உள்ளே, அதன் சொந்த இடத்தில் நின்றது. தெருவிலிருந்து வாசல் வரை ஏறுகிற சிமென்ட் சரிவு, அதன் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பானட் திறந்திருந்தது. சம்பந்தி குளித்து முடித்து வெள்ளைச் சட்டை போட்டு, சட்டையில் பட்டுவிடாமல் இருக்க முன்னால் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, டிப்ஸ்டிக்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தரையில் ஆயில் கேன். அதற்குப் பக்கத்தில் மருந்து அளக்கிற பிளாஸ்டிக் குவளை.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தச் சரிவில் எத்தனை முறை என் வண்டியை ஏற்றியிருப்பேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, போதாதென்று கியரிலும் விட்டு இறங்குவேன். என் மனைவி இறங்கும்போது கதவு தானாகச் சாய்ந்து அவள் முழங்காலில் இடிக்கும். அப்படியும் எனக்குத் தோன்றவில்லை. இந்த வண்டியில் டிப்ஸ்டிக் எஞ்சினின் முன்பக்கம் இருக்கிறது. மூக்கைத் தூக்கி நிறுத்தினால் ஆயில் எல்லாம் பின்பக்கம் ஓடிப்போய்த் தேங்கும். முன்னால் இருக்கிற டிப்ஸ்டிக்கில் நுனிகூட நனையாது. வண்டி நிறைய ஆயில் இருக்கும், கம்பி மட்டும் இல்லை இல்லை என்று சொல்லும். இவரும் அதை நம்பி ஊற்றுவார். அளவுக்கு மேல் போனது எஞ்சினுக்குள் அடிபட்டு நுரைத்து, பிரீதர் வழியாக ஏறி, காற்றுக் குழாயை நனைத்து, புகையாகப் போகும். புகையைப் பார்த்து இவர் இன்னும் பயப்படுவார். மறுநாள் காலையில் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பார். குடிக்கிறதாகச் சொன்ன வண்டி குடிக்கவே இல்லை. அதன் வாயைத் திறந்து ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சம்பந்தி,” என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். அதற்குள் உபசாரம் முந்திக்கொண்டது. “வாங்க வாங்க. ஒரு போன் பண்ணியிருக்கலாமே, வண்டிய வெளிய எடுத்திருப்பேனே...”

“இருக்கட்டும். எப்ப இருந்து தினமும் ஆயில் பாக்கறீங்க?”

அவர் துண்டின் நுனியால் விரலை ஒவ்வொன்றாகத் துடைத்தார். “மருமகளுக்குத் தர்றதா சொன்னேன்ல, அன்னைலேருந்துதான். அதுக்கு முன்னாடி நான் எங்க பாத்தேன்? சர்வீஸ்ல பாத்தா உண்டு. தர்றதுன்னு ஆனதும் மனசு கேக்கல. மொத நாள் பாத்தேன், காஞ்சு கெடக்கு. எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு.” குரலைத் தணித்தார். “நீங்க முத்திரை வெச்சு அனுப்புனப்பவும் பாத்தேன். மூணு நாள் பொறுத்துப் பாத்தேன் சம்பந்தி. அவ அந்த வண்டியில தினமும் போயிட்டு வர்றா. எனக்குப் பொறுக்கல. ஊத்திட்டேன். கோபப்படாதீங்க.”

கோபம் எங்கே வருகிறது? நான் ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. வண்டியை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மிதித்து மிதித்துப் பின்னால் இறக்கி, தெருவில் சமமான இடத்தில் நிறுத்தினேன். இரண்டு பேரும் பானட்டில் சாய்ந்துகொண்டு, ஆயில் அடங்குவதற்காகக் காத்திருந்தோம். எதிர்வீட்டில் யாரோ வாளியை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு டிப்ஸ்டிக்கை அவரையே எடுக்கச் சொன்னேன். எடுத்தார். துடைத்து விட்டு மறுபடி எடுத்தார். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரத்துக்கு ஆயில் பளபளத்தது. அவர் அதைப் பார்த்தார், அப்புறம் சரிவைப் பார்த்தார், மறுபடி கம்பியைப் பார்த்தார். படித்த மனிதர், நான் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

“இது மேடா?” என்றார் மெல்ல. “வீடு கட்டுன நாளா ஏறி எறங்கறேன். மேடுன்னே தோணல.”

“எனக்கும்தான் தோணல. நான் மெக்கானிக் வேற.”

“அப்ப எஞ்சின்?”

“கல்லு மாதிரி இருக்கு. டர்போ, ரிங்கு எல்லாமே நல்லா இருக்கு. கூட இருக்கற ஆயில எடுத்துட்டா புகையும் நின்னுடும்.”

நல்ல செய்தியைத்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் நிம்மதி வந்தது உண்மை, ஆனால் வந்த வேகத்திலேயே வடிந்தும் போனது. அந்த வடிதலை எனக்குத் தெரியும். கம்ப்ரஷன் மீட்டர் முள் ஏறும்போது எனக்குள் இறங்கியதும் அதுதான். இத்தனை நாளாக நான் ஒருவன்தான் இப்படி இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை கிளம்பிப் போனதிலிருந்து இந்த வீட்டில் இவருக்குச் சாயங்காலம் பேச்சுக்கு இருப்பது என் மகள்தான். கடையை மூடிவிட்டு வந்தால், அவள் அன்றைக்கு எங்கே எந்தத் தண்ணீரைப் பார்த்தாள் என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவாராம். அவள்தான் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கமாகக் குனிந்தார்.

“சம்பந்தி, இத இன்னைக்கே சொல்லணுமா?”

அவரை நான் முறைத்திருக்க வேண்டும். முறைக்க முடியவில்லை. அவர் வாயால் கேட்டதை நான் இத்தனை நாளாக வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பேரும் சேர்ந்து தலையை ஆட்டிவிட்டால் காரியம் முடிந்தது. ‘எஞ்சின் ஹெட்டக் கழட்டிப் பாக்கணும்’ என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மறுத்துப் பேச முடியாது. வண்டியைப் பட்டறையின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம். தேதி தானாகத் தாண்டிவிடும். யாருக்கும் அடிபடாது, யாரும் சாகப்போவதில்லை. அந்த வாக்கியம் நாக்கின் மேல் தயாராக உட்கார்ந்திருந்தது.

அப்போது மகள் இரண்டு டம்ளரில் காபியோடு வந்தாள். என்னைப் பார்த்ததில் ஆச்சரியம் காட்டவில்லை. ஜன்னல் வழியாக எல்லாம் பார்த்திருப்பாள். டம்ளர்களை மதில்மேல் வைத்துவிட்டு, மாமனார் கையில் இருந்த டிப்ஸ்டிக்கையும், தெருவுக்கு இறங்கியிருந்த வண்டியையும், கேட்டின் பச்சையையும் ஒரு முறை பார்த்தாள்.

“நாளைக்குச் சொல்றேன்னீங்களேப்பா,” என்றாள்.

நான் தொண்டையைச் செருமினேன்.

“நீங்க என்ன சொன்னாலும் நான் நம்புவேன். நம்பி, போகலன்னு இன்னைக்கே அவங்களுக்கு எழுதிடுவேன். அதனால யோசிச்சுச் சொல்லுங்க.”

குரலில் குற்றச்சாட்டே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு ஒரு கோபத்தை எடுத்துக்கொண்டிருப்பேன். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பட்டறையில் எந்த வண்டியைக் காட்டி என்ன கேட்டாலும் நான் சொன்னதை அப்படியே நம்பி, பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். அதே முகம்தான்.

“வண்டிக்கு ஒண்ணுமில்லம்மா,” என்றேன்.

பிறகு சம்பந்திதான் பேசினார். “நான்தான் கூட ஊத்திட்டேன். மேட்டுல வெச்சுப் பாத்துட்டேன். வண்டி நல்ல வண்டிம்மா. நீ போகலாம்.” கடைசி வார்த்தைகளை மருந்துச் சீட்டை வாசிப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் அவரைப் பார்த்தபடியே நின்றாள். அவள் உதடு கோணியது, சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல், “காபி ஆறுது மாமா,” என்றாள்.

கூடுதலான ஆயிலை எடுக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்துத் திறக்க என் சாமான் எல்லாம் பட்டறையில் இருந்தது. “ஓட்டிட்டுப் போயிடலாமா?” என்றேன். சம்பந்தி வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார். முன்கட்டில்தான் அவர் கடை. ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் உறை பிரிக்காத ஒரு பெரிய சிரிஞ்சும், நோயாளிகளுக்குக் கஞ்சி இறக்குகிற மெல்லிய குழாயும், ஒரு காலி பாட்டிலும் வைத்திருந்தார். துண்டை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார். டிப்ஸ்டிக் போகிற துளைக்குள் குழாயை விட்டு, நரம்பைத் தேடுகிறவர் போல மெல்ல மெல்ல இறக்கி, அடியில் தட்டியதும் நிறுத்தினார். சிரிஞ்சை மாட்டி இழுத்தார். தேன் நிறத்தில் ஆயில் ஏறி வந்தது.

மகள் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுப்பதும் பாட்டிலில் இறக்குவதுமாக இருந்தார். அவசரமே படவில்லை. ஒவ்வொரு முறையும் சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளவைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிலுக்குள் விட்டார். தான் ஊற்றியதை எல்லாம் சொட்டுச் சொட்டாகத் தானே எடுத்துக்கொண்டிருந்தார். இடையிடையே குழாயை வெளியே எடுத்துத் தருவார், நான் டிப்ஸ்டிக்கை விட்டுப் பார்ப்பேன். இன்னும் மேலே இருக்கிறது என்பேன். சரி என்று மறுபடி குழாயை இறக்குவார். பாட்டில் நிறைந்துகொண்டே வந்தது. எதிர்வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பி, எங்கள் மூன்று பேரையும் விசித்திரமாகப் பார்த்தபடி கடந்து போனார். மகள் தன் போனை எடுத்து, ஒரு கையாலேயே மாப்பிள்ளைக்கு ஏதோ அனுப்பினாள். என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

“இப்பப் பாருங்க,” என்றார் சம்பந்தி.

டிப்ஸ்டிக்கைத் துடைத்தேன். விட்டேன். எடுத்தேன். மேல்கோட்டில் நின்றது ஆயில், கோடு கிழித்தது போல, ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சரியாக யாருக்கும் அமைந்து நான் பார்த்ததில்லை.

“சரியா இருக்கா?”

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவர் கையில் சிரிஞ்ச் காலியாக இருந்தது. மகளின் கையில் பாட்டில் நிறைந்திருந்தது.

“இன்னொரு தடவை பாத்துருவோம்,” என்று சொல்லிவிட்டு, கம்பியை நுனியிலிருந்து மறுபடி துடைக்க ஆரம்பித்தேன். சம்பந்தி வேகமாகத் தலையாட்டினார். மகள் பாட்டிலின் மூடியை எடுத்து, எங்களைப் பார்த்தபடியே, மெதுவாகத் திருகி மூடினாள்.